பத்தொன்பது பேர்

பெயரை எடுத்துவிட்டோம் என்றான் யால்கிரிம்.
முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள்,
எல்லாம் போயாயிற்று.
இனி யார் பார்த்தாலும் யாரென்று தெரியாது.

தோர்ஷவ்னில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி.
மழையில்
துறைமுகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை.
தூக்கம் வராதவர்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம்.
வெள்ளைப் பலகையில் தேவைப் பட்டியல்.
பதினான்காவது வரி: அந்தரங்கம்.
எதிரே பச்சை மையில் சரி போட்டிருந்தான்.

வெள்ளோட்டத்தில் வந்ததில் ஒன்றைத் திறந்தேன்.

பெண். ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள்.
தீவின் பெயர்.
தொழில்: அஞ்சல்.
விழிப்பு: 2.40, 3.15, 4.05.
காரணம் கேட்ட கட்டத்தில்
எட்டே சொற்கள்.
அவற்றை இங்கும் எழுதமாட்டேன்.

அது என் தீவு.
அங்கே பத்தொன்பது பேர்.
அஞ்சல் பை தூக்குவது ஒருத்தி.
பெயரைத் தவிர மற்றதெல்லாம்
அவள் பெயராகவே இருந்தது.

பார்பா என்று நாக்கு நுனிவரை வந்ததைக்
காப்பியோடு விழுங்கினேன்.

அவள் சமையலறை விளக்கு
விடிய விடிய எரிவது ஊருக்கே தெரியும்.
பனிமூட்டத்தில் துரோந்துர்
அதைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவான்.
ஏன் எரிகிறது என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
அதற்கென்று அங்கே சட்டம் இல்லை,
யாரும் கதவைப் பூட்டுவதுகூட இல்லை.
பேச்சை ஆட்டுக்குட்டிகள் பக்கம் திருப்பிவிடுவோம்,
அவ்வளவுதான்.

நாங்கள்தான் கேட்டோம்.
கட்டாயம் நிரப்பவும் என்று
சிவப்பு நட்சத்திரம் வேறு போட்டு.

தீவு எதற்கு என்றேன்.
பின்னால் தேவைப்படலாம் என்றான்.
யாருக்கு?
அவன் நகரத்தில் பிறந்தவன்.
அவன் தெருவில்
ஆண், நாற்பது, ஆசிரியர் என்று கூப்பிட்டால்
நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.
கெட்டவன் இல்லை.
எழுதுகோலை மூடி, திறந்து, மூடி,
எத்தனை பேர் உன் ஊரில் என்றான் கடைசியில்.
சொன்னேன்.
எழுந்து போய்ப்
பச்சைச் சரியை உள்ளங்கையால் தேய்த்தான்.

மாலைக்குள் தீவு போனது, தொழில் போனது,
காரணம் கேட்ட கட்டமே போனது.
காப்புப் பிரதியிலிருந்தும் அழித்தோம்.
பதினான்காவது வரியில் இப்போது ஒரு கேள்வி:
இதைக் கேட்காவிட்டால் எது நின்றுவிடும்?
எதுவும் நிற்கவில்லை.
செயலி முன்னைவிட வேகமாகத் திறந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.
படகுத்துறையில் பார்பா,
தோளில் பை, கண்ணோரம் சிவப்பு.
வேலையெல்லாம் எப்படிப் போகிறது ரன்வா?
மழை என்றேன்.
இந்த வருஷம் எத்தனை குட்டி என்று கேட்டேன்.

சரியாகத்தான் கேட்டேன்.
குரலில் என்ன இருந்ததோ,
பையின் வாரை இறுக்கிக்கொண்டு
பதினொன்று என்றாள்,
ஒரு கணம் கூடுதலாக
என்னைப் பார்த்தபடி.