பணி நேரம்

மணி இரண்டு பத்து.
செர்க்னிட்சாவுக்கு வெளியே, தேவாலயப் பரணில்
என் மடிக்கணினி
என்னைக் கேட்காமல் செத்து
என்னைக் கேட்காமல் மறுபடி பிறந்துகொண்டிருந்தது.

நீலத் திரை. வட்டமிடும் புள்ளிகள்.
'முப்பத்தேழு விழுக்காடு. அணைத்துவிடாதீர்கள்.'
அணைக்க நான் யார்?
இன்னும் மூன்று தவணை கட்ட வேண்டியவள்,
அவ்வளவுதான்.

தலைக்கு மேலே லாட வவ்வால்கள்.
ஒவ்வொன்றும் இரண்டு சர்க்கரைக் கட்டி எடை.
தாய்கள் இரை தேடிப் போயிருந்தன.
குட்டிகள் உத்திரத்தை விட்டு
முதன்முதலாகக் கையை விரித்த இரவு.
ஜூலையில் ஓரிரு இரவுகள்தான் அப்படி வாய்க்கும்.
சென்ற ஆண்டு மழை.
அதற்கு முந்தைய ஆண்டு எனக்குக் காய்ச்சல்.

அவை கத்துவது என் காதுக்கு எட்டாது.
மனிதக் காது எதற்கும் எட்டாது.
கணினிதான் என் காது.
ஒன்பது மணியிலிருந்து
கேட்காத குரல்களைப் பச்சைக் கோடுகளாக
வரைந்துகொண்டே இருந்தது,
ஐந்து மணி நேரம்,
ஒரு கோடுகூடப் பிசகாமல்.

வவ்வால் வீட்டுக்கு விருந்து போனால்
நாமும் தொங்கத்தான் வேண்டும் என்பார்கள்.
தொங்கினேன்.
ஐம்பத்திரண்டு விழுக்காட்டில்
கணினியும் தொங்கியது.
பரணில் அந்த நேரம்
தொங்காமல் இருந்தவை குட்டிகள் மட்டும்.
சிவப்பு விளக்கில் ஒரு நிழல் என் கன்னத்தை உரசிப் போனது.
எத்தனை என்று எண்ணினேன்.
பதினொன்றுக்குப் பிறகு குழம்பிவிட்டது.

மூன்றரைக்குத் திரை விடிந்தது.
கோப்பின் பெயர் இருந்தது.
தேதி இருந்தது.
அளவு: பூஜ்யம்.

பதிலுக்கு என்ன தந்தது என்றும் சொல்ல வேண்டும்.
சன்னல்களின் மூலைகள் வளைந்திருந்தன.
நாட்காட்டி இடப்பக்கம் குடியேறியிருந்தது.
பின்னணியில் புதிதாக ஒரு படம்:
ததும்ப நிறைந்த, யாருடையது என்றே தெரியாத ஏரி.

எங்கள் ஊரிலும் ஏரி உண்டு.
கோடையில் தரைக்குள் இறங்கிவிடும்,
மாடு மேயும்.
மழைக்காலம் வந்தால் போன வழியே திரும்பி வரும்.
அதற்கு அந்த நாகரிகம் உண்டு.

அமைப்புகளுக்குள் துழாவினேன்.
எட்டாவது பக்கத்தில், சாம்பல் எழுத்தில்,
நான் ஒருநாளும் நிரப்பாத படிவம்:
'உங்கள் பணி நேரம்: காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.
மற்ற நேரங்களில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.'

ரொட்டிக்கடை பெட்டி மாவு பிசைவது மூன்று மணிக்கு.
சாலையில் உப்பு தூவும் வண்டி நாலுக்கு.
பிரசவ வார்டில் என் அக்கா மெதோதா
இந்நேரம் யாருக்கோ 'முக்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.
நாங்கள் எல்லாரும் உறங்குவதாக
எங்கோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

ஆனால் வலையில்லாப் பரணில்
இது எப்படி இறங்கியது?

விடிந்ததும் கீழே லோவ்ரென்ட்ஸ்,
கோயில் மணியடிப்பவர், சாவிக்கொத்தும் காபியுமாக.
'தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்று
நேற்று சாயங்காலம் மணிக்கூண்டில்
வைஃபை பெட்டி மாட்டினேன்.
போன வாரம் உனக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தேனே, அதேதான்.
தானாகப் பிடித்ததா? வேகம் எப்படி?'

எழுபது வயதுக் கால்.
தொண்ணூற்றாறு படி.
ஒரு கையில் ஏணி.

'அருமை' என்றேன்.
காபியில் சர்க்கரை இரண்டு கட்டி போட்டிருந்தார்.

ஆய்வேட்டில் அந்த நாளுக்கு நேரே
பூஜ்யம் எழுதப் போனேன்.
பூஜ்யம் என்றால் ஒன்றும் பறக்கவில்லை என்று ஆகிவிடும்.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலால்,
'பதினொன்றுக்கு மேல்.'