ஆறு யூரோவுக்கு மேல் கூடாது

வியாழன் இரவு எட்டு மணிக்கு
நீவெஸ் தன் சலவைக்கடையின் இரும்புக் கதவைப்
பாதி மட்டும் இறக்குவாள்.
குனிந்து நுழைகிறவர்கள் எங்கள் ஆட்கள்.
வெளியே நிமிர்ந்து நிற்பவர்கள் கோட்டு வாங்க வந்தவர்கள்.
நாளை வாருங்கள் என்று
அவர்கள் முழங்காலிடம் சொல்வோம்.

திரியெஸ்தேயில் போரா வீசும் மாதம்.
மேட்டிலிருந்து இறங்கும் காற்று
கடலையே துறைமுகத்தைவிட்டுத் துரத்தப் பார்க்கிறது.
தெருமுனையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்தபடி ஒரு கையில் புட்டியோடு வருகிறவனை
யாரும் குடிகாரன் என்று சொல்லிவிட முடியாது.

விதிகள் சொற்பம்.
ஆறு பேர், ஆறு புட்டி,
எதுவும் ஆறு யூரோவைத் தாண்டக் கூடாது.
ரசீது சோப்புத்தூள் டப்பாவுக்குள்.
ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் செலவில்லை.
(போன மாதம் துல்லியோ ரசீது தொலைந்தது என்றான்.
ஏழு ஐம்பது என்று
அவன் முகத்திலேயே அச்சாகியிருந்தது.)

புட்டிகளுக்குக் காலுறை மாட்டுவது என் வேலை.
பகலெல்லாம் இஸ்திரி போடுகிறவள் நான்,
யாரும் தேடி வராத ஒற்றைக் காலுறைகள்
என் மேசைக்கடியில் ஒரு கூடை இருக்கின்றன.
சாம்பல் கம்பளிக்குள் சிலி.
வங்கிக்காரரின் கறுப்புப் பட்டுக்குள் மால்டோவா.
புள்ளி போட்டதற்குள் தென்னாப்பிரிக்கா,
கால்பந்துக் காலுறைக்குள் கிரேக்கத்தின் வெள்ளை.
மீதம் இரண்டு:
பச்சைக் கோடு, குதிகால் ஓட்டை.

அந்த இரண்டைப் பற்றி:

ஏழே முக்காலுக்கு எர்மீனியா பின்வாசலில் வந்தாள்.
பள்ளிச் சமையலறையில் அவள் வேலைநேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள்.
கையில் ஒரு புட்டி, திருகுமூடி போட்டது,
குப்பைத்தொட்டியில் எடுத்துக் கழுவியது, காலி.
தண்ணீர் ஊற்றி வைக்கட்டுமா என்றாள்,
காலுறைதானே போடப் போகிறாய்.
நீராவிப் பெட்டிக்குப் பின்னால் நின்று
என் போர்த்துக்கலில் பாதியை அதற்குள் ஊற்றினேன்.
நாலு எண்பது.
ஒரு சொட்டு இஸ்திரித் துணியில் விழுந்தது,
இன்னும் போகவில்லை.

கடுகுச் சாஸ் தீர்ந்த கண்ணாடிகளில் குடித்தோம்.
சிலி: ஈரப் பென்சில் என்றாள் ஸ்தென்கா.
மால்டோவா: செர்ரி என்றான் துல்லியோ.
அவனுக்கு எல்லாமே செர்ரி.
தென்னாப்பிரிக்காவில் யாரோ டயர் எரிக்கிறார்கள், ஆனால் தூரத்தில்,
அதனால் பிடித்திருக்கிறது என்றாள் நீவெஸ்.

ப்ரிமோஷ் பஸ் ஓட்டுகிறவன்.
இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சல்
போகும்போது மூக்கையும் கூட்டிப் போய்விட்டது.
அவன் முன்னால் வாசனை பேச முதலில் கூசினோம்.
பூனை நாக்கு, என்றான் ஒருநாள் ஒரு சிவப்பைக் குடித்து.
எல்லோரும் வாயை மூடித் தேடினோம்.
இருந்தது.
துவர்ப்புக்கு மூக்கு வேண்டாம், என்றான்,
அது ருசிகூட இல்லை, ஒரு பிடி.
கை ஆடாதவன் என்று
ஊற்றும் வேலையையும் அவனுக்கே கொடுத்தோம்.

குதிகால் ஓட்டை வந்தது.
இதைக் கதவுக் கீலுக்கு விடலாம், என்றான் துல்லியோ.
நான் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தேன்.
பச்சைக் கோடு வந்தது.
அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
ஆகா. இது மலை. உயரம். குளிர்ந்த இரவுகள்.
ஸ்தென்காவும் ஆமோதித்தாள்.
ப்ரிமோஷ் இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய்,
என்னை ஒருமுறை பார்த்து
முற்றிலும் வேறு வேறு, என்றான்.

காலுறைகள் கழன்றன.
அர்ஜென்டினா என்றது குப்பைத்தொட்டிச் சீட்டு.
மலை என்று சொன்னேனா இல்லையா!
துல்லியோ மேசையைத் தட்டினான்.
எர்மீனியா ஜெயித்தாள்.
சிரிப்பதா வேண்டாமா என்று
அவள் வாய்க்குத் தெரியவில்லை.
நீவெஸ் டப்பாவைத் திறந்து
ஐந்து ரசீதை எண்ணி
ஆறு என்றாள்.

கயிற்றைப் பிடித்து இறங்கும்போது
காற்றுக்கு மேல் கத்திக் கேட்டேன்:
எப்படித் தெரிந்தது, துவர்ப்பா?
எது?
துவர்ப்பு!
இல்லை, என்று கத்தினான் ப்ரிமோஷ்.
மற்றதெல்லாம் கனத்தது.
அது இரண்டும் பாதிதான் இருந்தது.