வயிற்றுக் கணக்கு

சத்தி பாலத்தடியில் மீன் அரியும் எனக்குக்
குடல் என்றால் பாதி காக்கைக்கு,
மீதி பவானிக்கு.
அதற்கும் விலையுண்டு என்று வந்தாள் தஸ்லிமா,
தோளில் ஐஸ் பெட்டி, கோயமுத்தூர் பஸ் டிக்கெட் வாட்ச் பட்டைக்குள்.
வயிற்றுக்கு மூன்று ரூபாய்.
கிழியக் கூடாது.
"கிழிஞ்சா என்ன கண்ணு?"
"உள்ள இருந்தவங்க கலஞ்சு போயிருவாங்க துளசிமணியக்கா."

உள்ளே இருந்தவங்க!
பதினாறு வருசமாக அரிகிறேன்,
ஒருவரையும் விசாரித்ததில்லை.

வெள்ளைத் தட்டில் கல்லொட்டியின் குடலை நீட்டினாள்.
கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டது
நீண்டுகொண்டே போனது,
முழுக்கப் பாறைப் பாசி, கொஞ்சம் மணல்.
கெளுத்திக்குள் இறக்கை முளைக்காத தட்டான் ஒன்று,
கீழ்த்தாடையைக் கைபோல மடித்து
முகத்தின்மேல் வைத்திருந்தது.
அதுவும் யாரையோ பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறது.
அப்புறம் ஒரு புழு.
எச்சிலால் மணலை ஒட்டி ஒட்டி
அரை விரற்கடைக்கு வீடு கட்டியிருந்தது.
வீட்டோடு விழுங்கிவிட்டது மீன்.
தவணை பாக்கி இருந்திருக்கும், என்றேன்.
எனக்குத் திங்கட்கிழமை குழுப் பணம்.

பாதி செரித்ததை எப்படி எண்ணுவாய்?
இங்கே மூன்று கால் கிடக்கிறது,
அங்கே ஒரு வால்.
"காலை எண்ண மாட்டோம்க்கா. தலைதான்.
தலை சீக்கிரம் கரையாது."

கார்த்திகையில் நொய்யல் ஜிலேபி கொண்டுவந்தாள்.
என் மணையில் வைத்தே அரிந்தேன்.
தட்டான் இல்லை, வீடு கட்டியவர் யாருமில்லை.
சிவப்பு நூல் நூலாக ஒரே புழு,
பிரித்தால் இன்னும் அதே புழு.
"சாயமா?"
திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் என் வீட்டுக்காரர்
நகக்கண் வாரத்துக்கொரு நிறம்.
"இல்லீங்க்கா, அதோட ரத்தமே அப்படி.
மூச்சு கம்மியான தண்ணியிலயும் பொழைக்கறதுக்கு."
அன்றைக்கு மணையை இரண்டு தடவை கழுவினேன்.
அவருக்குப் போன் போட்டேன்,
சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டேன்.

கடைசியாக ஒரு ஆரால். உள்ளே ஒன்றுமே இல்லை.
நோட்டில் 'வெறும்' என்று எழுதினாள்.
வெறும் வயிறும் கணக்கில் சேருமாம்.
அப்படியானால் மூன்று ரூபாய், என்றேன்.
சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அவள் பஸ் ஏறிய பிறகு
பாலத்து விளக்கில் பூச்சி மொய்த்தது,
வால் நீண்ட, கண்ணாடிச் சிறகுப் பூச்சி.
ஒரே ராத்திரி ஆயுசாம், வாயே வேலை செய்யாதாம்.
தின்றதெல்லாம் ஆற்றுக்கடியில் இருந்தபோதுதான்.
கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விழ,
கீழே தொப்பு தொப்பென்று
வாய்கள் திறந்தன.

ஒன்று என் புறங்கையில், மீன் பிசுக்கில் ஒட்டியது.
ஊதினேன். போகவில்லை.
விளக்குக்கு நேராகக் கையைத் தூக்கித்
தலையைத் தேடினேன்.

ஒன்று.