இரவுப் பணிக் குறிப்பு

ஹாமர்ஃபெஸ்டில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
ஏழாம் எண் அறையில் ஓட்வார்,
இடுப்பெலும்பில் புது ஆணி,
மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு
கட்டிலைப் படகென்கிறார்.
சலைன் குழாயைப் பிடித்து இழுக்கிறார்:
நங்கூரம் சிக்கிக்கொண்டதாம்.

ஊசி போட்டுத் தூங்கவைக்கலாம். அனுமதி இருக்கிறது.
நான் முதலில் கண்ணாடியைத் தேடினேன்.
தலையணை உறைக்குள் கிடந்தது; துடைத்து மாட்டினேன்.
காதுக் கருவிக்குப் பேட்டரி
(சுன்னிவா, உன் இழுப்பறையில் எடுத்தேன், மன்னி).
மானிட்டரின் கூவலைத் தாழ்த்தினேன்.
வறண்ட உதட்டுக்கு ஈரப் பஞ்சு.
குதிகால் சில்லிட்டிருந்தது: கம்பளிக் காலுறை.

அப்போதும் அலை ஓயவில்லை.
"சுக்கான் யார் கையில்?" என்றார்.
பொய் சொல்ல வரவில்லை எனக்கு.
"இது ஆஸ்பத்திரி. நான் யோருன்.
ஆனாலும் கயிறு கட்ட ஆள் வேண்டும்" என்று
ஒரு பாண்டேஜ் சுருளைப் பிரித்துக் கொடுத்தேன்.

துணியைத் தொட்டதும்
விரல்கள் வேலைக்குத் திரும்பின.
கட்டில் கம்பியில் ஒன்று, இரண்டு, ஐந்து...
பதினோராவது முடிச்சில்
வாய் பிளந்து தூங்கிப்போனார்.
என் கையை நான் எடுக்கவில்லை;
அவர் விடவில்லை என்பதே சரி.

எட்டு மணிக்கு விளக்கைப் போட்டேன்.
சன்னல் கருப்பாகவே இருந்தது.
"காலை வணக்கம், இன்று செவ்வாய்க்கிழமை."
நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.
முடிச்சுகளை வெட்டக் கத்திரியோடு போனேன்.
முறைத்தார்.
ஒரு நுனியைச் சுண்டினார்,
பதினொன்றும் சரசரவென்று அவிழ்ந்து
மடியில் விழுந்தன.

'கொடுத்த மருந்து' என்ற கட்டத்தில்
கோடு போட்டிருக்கிறேன்.
பாண்டேஜ் ஒன்று கணக்கில் குறையும்.