இடது கால் செருப்பு

மூன்றாம் நாள் மழை. செம்மஞ்சேரி மாநகராட்சிப் பள்ளி.
ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பதினோரு குடும்பம்.
கரண்ட் இல்லை.
யாரோ ஒருவரின் லேப்டாப்பில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.
பிள்ளைகள் அழாமலிருக்கப் படம் போட்டார்கள்.
போட்டது அந்தப் படம்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது அது வந்து.
மார்பில் நீல வட்டம், முதுகில் வெள்ளித் துணி,
எல்.ஐ.சி. மாடியிலிருந்து எகிறிப் பறக்கிற நம்மூர்க்காரன்.
அன்று தியேட்டரில் சில்லறை பறந்தது.
இன்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
‘டேய், கயிறு தெரியுதுடா.’
தெரிகிறது.
கடல் பொங்கி மவுண்ட் ரோட்டுக்கு வரும் காட்சியில்
அலை, துணி துவைத்த நுரை மாதிரி இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே நிஜத் தண்ணீர்
பழுப்பாக, சத்தமே இல்லாமல்
மூன்றாவது படியில் நிற்கிறது.

வில்லன் பெயர் பெரியவர்கள் யாருக்கும் நினைவில்லை.
எதற்காக ஊரை அழிக்க வந்தான் என்பதும்.
கோடிக்கணக்கில் கொட்டி உடைத்த பாலம்
மறுபடி உடைந்தது.
மோசஸ் கொட்டாவி விட்டான்.

பிறகு அந்தப் பேருந்து.
ஜெமினி மேம்பாலத்தில் பாதி தொங்குகிற 29சி.
ஒவ்வொருவராக இறக்கிவிடுகிறான்.
கடைசியாக ஒரு மஞ்சள் புடவை.
அவள் ஏதோ சொல்கிறாள்.
மேலே கிளம்பியவன்
அரை நொடி
திரும்பி, குனிந்து, கீழே பார்க்கிறான்.
பிறகுதான் பறக்கிறான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.
பேட்டாவுக்கு வந்த துணை நடிகை.
குரல் மட்டும் என்னுடையது.

சாலிகிராமத்தில் கார் ஷெட்டை அடைத்துக் கட்டிய டப்பிங் அறை.
நாளுக்கு முந்நூற்றைம்பது.
காலையிலிருந்து ‘ஐயோ’, ‘காப்பாத்துங்க’, மறுபடி ‘ஐயோ’.
தாளில் அவளுக்கு வசனமே இல்லை,
உதடு மட்டும் அசைகிறது.
‘எதையாவது போடு ஜெசிந்தா’ என்றார் எட்வின் சார்,
அவருக்கு பஜ்ஜி வந்திருந்தது.
போட்டேன்:
‘ஐயோ, என் செருப்பு.’

யோசித்துச் சொன்னதில்லை.
அன்று காலை சைதாப்பேட்டையில் ஓடி ஏறியபோது
என் இடது செருப்பு ரோட்டோடு போனது.
விசில் கொடுத்துவிட்டார் கண்டக்டர்.
மைக் முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தேன்.

அவன் குனிந்து பார்த்ததற்கும் காரணம் வேறு.
இடுப்புக் கயிறு சிக்கிக்கொண்டதாம்.
இன்னொரு டேக் போக வெளிச்சம் இல்லையாம்.

எது நிற்கும் என்று அன்று யாரைக் கேட்டிருந்தாலும்
பாலத்தைச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது அறையில் சிரிப்பு இல்லை.
வெறுங்காலைக் காலோடு தேய்த்துக்கொண்டு
மோசஸ் கேட்டான்:
‘கெடச்சுதா அந்த அக்காக்கு?’
யாரும் பதில் சொல்லவில்லை.
ஹேமாவதி மட்டும், ‘பின்னாடி தள்ளு, பாக்கலாம்’ என்றாள்.
தள்ளினார்கள்.
ஐயோ, என் செருப்பு.
திரும்பினான், குனிந்தான், பறந்தான்.
இன்னொரு தடவை.
மூன்றாவது தடவை அவன் குனியும்போது
திரை அணைந்தது.

அதற்கப்புறம்தான் பெரிய சண்டை, மின்னல், வில்லனின் சாவு,
ஊரே கைதட்டும் இருபது நிமிடம்.
கேட்டு ஒரு பிள்ளையும் அழவில்லை.

நான்தான் அந்தக் குரல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஈரத்தில் தொண்டை கட்டியிருந்தது,
வந்தது எந்தப் படத்துக்கும் ஆகாத ஒரு சத்தம்.
விட்டுவிட்டேன்.

ராத்திரி எத்தனை மணியோ,
தண்ணீர் இன்னொரு படி ஏறியது.
வராந்தாவில் கழற்றிப் போட்ட செருப்புகள்
ஒன்றிரண்டாக மிதக்கத் தொடங்கின.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
மோசஸ், துடைப்பக் கட்டையால்
எட்டி எட்டி இழுத்து
மேல் படியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.
ஜோடியெல்லாம் பார்க்கவில்லை.