கறளின் விலை

நாலாயிரம் என்றேன், ஆறு என்றார்,
ஐந்தில் நின்றது.
மூன்று கையில், மீதி வெள்ளாமை வெட்டினபிறகு.
உதுமாலெப்பையின் லாண்ட்மாஸ்டர் பெட்டி உக்கிப்போய்
நெல் காயும் களத்தோரம் சாய்ந்து கிடந்த
இரண்டு றிம்.

நிந்தவூரில் இரும்பு வைத்திருப்பது
கடலோடு வழக்குப் பேசுவது.
இரவில் வரும், ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு போகும்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ணங்.
மேல் கறள்தான்.
டொக் என்றிருந்தால் உருட்டிக்கொண்டு போய்
அவர் வாசலிலேயே போட்டிருப்பேன்.

முதலில் கம்பிப் பிறஸ்.
உதிர உதிரப் பழைய சில்லறை வாடை.
போல்ட் துளைகளுக்குள் பிறஸ் போகாது;
அங்கே பாதித் தேசிக்காய், கல்லுப்பு.
அதே உப்புத்தான்,
இன்றைக்கு என் பக்கம்.
மறுகா அரத்தாள்.
வெள்ளிப் பெயின்ற், அதன் கீழ் நீலம், அதன் கீழ்
யாரோ அவசரத்தில் அடித்த மஞ்சள்,
அதற்கும் கீழேதான் இரும்பு.
கழுவி, துடைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒருதரம்.

அசருக்குப் பிறகு வந்தார்.
வெள்ளாமைக்கு இன்னும் இரண்டு மாதம், தெரியும் அவருக்கு.
சாரனைச் சுருட்டிக் குந்தினார்.
வேர்த்த பெருவிரலை றிம்மில் ஊன்றி
வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, நான் கறளுக்குத்தான் விலை சொன்ன.
இது இரும்பு. இதுக்கு வேற விலை."

"கறள் அங்க கிடக்கு. அள்ளிட்டுப் போங்க."
பேப்பரில் ஒரு பேணி தேறும்,
கொச்சிக்காய்த்தூள் நிறம்.

சிரிக்கவில்லை.
"பனி விழ முந்தி அடிக்கணும். விடிஞ்சாச் செவந்திரும்."
"மற்றது பாதிதான் முடிஞ்சிருக்கு."
கேட்காமலே பிறஸை எடுத்தார்.
சுரண்டச் சுரண்ட விலையும் ஏறியது:
ஐந்தரை, ஆறு,
தன் கூலி தனி.

அடிப்பூச்சு டின்னை ஆணியால் நெம்பித் திறக்கையில்
மஃரிபுக்கு பாங்கு.
தூரிகையை வைக்கப் போன இடத்தில்
அவர் ஊன்றிய பெருவிரல்
ரேகை ரேகையாய்ச் சிவந்திருந்தது.

"காக்கா, இங்க பாருங்க.
கைநாட்டு வெச்சிட்டீங்க.
ஐந்துக்குத்தான்."

குனிந்து பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு அரத்தாளில் ஒரு துண்டு கிழித்து
அவரே
அழிக்கத் தொடங்கினார்.