ஆளுக்கு இருபத்தேழு

ஓவுலுவில் மைனஸ் இருபது.
யாருடைய காலுறைகளோ சுழலும் சலவை அறையில்
நான் உட்பட ஐவர்.
நான்கு பகடை உருட்டு, சிறியதைத் தள்ளு என்றான் இல்போ.

ரைசாவுக்குப் பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு.
தூரேவுக்கு வலிமை ஐந்து.
இவன் வாளைத் தூக்குவானா,
வாள் இவனைத் தூக்குமா?

சிரித்து ஓய்வதற்குள்
ஹெல்கா தீக்குச்சிகளை எண்ணி வைத்தாள்,
ஆளுக்கு இருபத்தேழு.
வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் கிடையாது.

வாங்கினோம்.
ஒரே அச்சில் மூன்று வீரர்கள்;
மூவருக்கும் வசீகரம் எட்டே எட்டு.
கதவைத் திறந்தால் பூதம்.
அதனிடம் பேச ஆளில்லை.

தூரேவின் குச்சிகள் வைத்த இடத்திலேயே கிடந்தன.
வலிமை ஐந்தாகவே இருக்கட்டும் என்றான்.
வசீகரத்துக்குப் பதினாறு விழுந்தது,
நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது.